வடக்குப்பட்டு கிளீன் ரூம்

தண்டலம், ஆஸ்பத்திரித் தனியறை
6 நவம்பர் 2025

அன்பும் வம்பும் நிறைந்த வசைவாணி அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி பகலவன் கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுவது. இங்கு நான் நலமில்லை. அங்கு உன் நலம் அறிய ஆவல் பாதி, அடி விழுமோ என்ற பயம் பாதி.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று நினைப்பாய். என் போனை அப்பா பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார். காரணம் உனக்கே தெரியும். உங்கள் கம்பெனி எச்.ஆர். மேடம் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசி, உன் போனிலிருந்தே உங்கள் லைன் குரூப்புக்குத் தட்டிவிட்டேன். "நாளைக்கு ஆடிட். எல்லாரும் ஒரு கால்ல வெள்ளை சாக்ஸ், ஒரு கால்ல நீல சாக்ஸ் போட்டுட்டு வரணும்." பாதி ஷிப்ட் அப்படியே வந்து நின்றதாமே! உண்மையைச் சொல், பார்க்கக் கொஞ்சமாவது அழகாக இருந்ததா இல்லையா?

நீ சிரிக்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அதனால் அம்மாவைத் தபால்காரம்மா ஆக்கிவிட்டேன். கடிதத்தை லிடியா சிஸ்டர் பிளாஸ்டிக் கவரில் போட்டு வாங்குவார், கொடுப்பார். இந்த அறைக்குள் பூவுக்கும் பழத்துக்கும் அனுமதி இல்லை. நீ பூவும் இல்லை, பழமும் இல்லை, அதனால் உன் கடிதம் வரலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். சின்ன வயதிலிருந்து எல்லோரும் என்னைப் பூஞ்சை உடம்பு, பூஞ்சை உடம்பு என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் நிஜப் பூஞ்சையே அட்ரஸ் விசாரித்துக்கொண்டு வந்து நுரையீரலில் குடியேறிவிட்டது. டாக்டரம்மா சொன்னார், இதே பூஞ்சையை நீயும்தான் மூச்சில் இழுப்பாயாம். உன் வெள்ளை அணு அதை அடித்துத் துரத்திவிடும். என்னிடம் வெள்ளை அணு அணுவளவும் இல்லை. அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டிக்கொண்டு ஆளுக்குப் பாதியாக எனக்கு எழுதி வைத்த சொத்து இது. ஈரல் சர்க்கரையைப் பூட்டி வைத்துக்கொண்டு சாவியைத் தொலைத்துவிட்டது. கூடவே வெள்ளை அணுவும் கம்மி. உன் சொத்து எங்கே போனது என்று தெரியவில்லை, நீ மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாய்.

டாக்டரம்மா ஒரு குண்டும் போட்டார். "இந்தப் பூஞ்சை உங்க வீட்டுக்கிட்ட எங்கேயோ ஏராளமா இருக்கு. அது எங்கன்னு தெரியாம இவனை அனுப்ப மாட்டேன். இன்னொரு தடவை இழுத்தான்னா நுரையீரல் தாங்காது."

ஆகவே துப்பறியும் பொறுப்பு உன்னுடையது. என் முதல் சந்தேகம், நம்மிடம் வாடகைக்கு இருக்கிற பக்கத்து போர்ஷன் மைக்கேல்ராஜ் அண்ணனின் புறாக்கள். மாடியெல்லாம் எச்சம். இரண்டாவது, எதிரில் ஷெட் கட்டுகிறவர்களின் மண் லாரி. மூன்றாவது நீ. ஏன் வரமாட்டேன் என்கிறாய்?

சந்தேகத்துடன்,
பகலவன்


வடக்குப்பட்டு
8.11.2025

பகலு,

அன்புள்ள என்று போடவில்லை. கவனித்துக்கொள்.

உன் சாக்ஸால் என் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போய்விட்டது. லைன் லீடர் கலைமதி அக்கா இன்றைக்கும் என் காலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்க்கிறார். ஆனால் நான் வராததற்குக் காரணம் அது இல்லை. எனக்குச் சளி. சளியோடு அவன் அறை வாசலைக்கூட மிதிக்கக்கூடாது என்று உன் லிடியா சிஸ்டர்தான் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார். என்னைச் சந்தேகப்பட்டது போதும்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். லாரித் தூசி வாசலோடு சரி. உன் அறைக்குள் வர வழியே இல்லை. நான் வேலை செய்கிற கிளீன் ரூமில் ஒரு தூசி விழுந்தால் ஒரு எலக்ட்ரானிக் போர்டு வீண். அதைப் பார்த்துத்தானே உனக்கும் ஒன்று செய்தேன்? ஸ்கிராப் கடையில் பிளாஸ்டிக் பேக்கிங் ஷீட் வாங்கி வந்து, நாலு சுவரிலும் கூரையிலும் ஒட்டி, ஜன்னலையும் சேர்த்து மூடி, ஒவ்வொரு ஓரத்துக்கும் டேப் அடித்தேன். மைக்கேல்ராஜ் அண்ணன்தான் ஏணியைக் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்கக் கூட நின்றார். நேற்றும் அந்த ஷீட்டை விரலால் தடவிப் பார்த்தேன். பொட்டுத் தூசி இல்லை. அறை மேல் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

வேறொன்று இடிக்கிறது. ராத்திரியில் உன் ரத்தச் சர்க்கரை இறங்காமல் இருக்க, நீ படுக்கப் போகும்போது அம்மா சோள மாவைக் கலக்கி டம்ளரைத் தலைமாட்டில் வைப்பார். நடுவில் அலாரம் வைத்து எழுந்து நீயே குடிப்பாய். காலையில் டம்ளர் காலி. மாவு டப்பாவும் ஒழுங்காகத் தீர்கிறது. ஆனாலும் உன் பத்தாவது லீவிலிருந்தே காலைச் சர்க்கரை கீழேயே கிடந்தது. ஆஸ்பத்திரியில் அதே மாவு, அதே அளவு, சர்க்கரை அசையாமல் நிற்கிறதாம். எப்படி?

இசைவாணி


தண்டலம்
11 நவம்பர்

விசாரணைவாணிக்கு,

சளிக்கு என் அனுதாபம். சாக்ஸுக்கு என் பாதி மன்னிப்பு. மீதி, நீ நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

பூஞ்சைக்குக் கொடுக்கிற மாத்திரை பெரிய தமாஷ். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் டியூப் லைட் நீலமாகிறது, சுவரில் புள்ளிப் புள்ளியாகப் பொறி பறக்கிறது. லிடியா சிஸ்டர் தலையைச் சுற்றி ஒளிவட்டம்! "சிஸ்டர், நீங்க புனிதர் ஆயிட்டீங்க" என்றேன். "ஊசியைப் பார்த்தா பேய்னு சொல்லுவ. கையை நீட்டு" என்றார். வெள்ளை அணுவைக் கிளப்பிவிடுகிற ஊசி அது. இன்னொரு செய்தி, இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் போகக்கூடாதாம். பகலவனுக்கே வெயில் ஆகாது! அம்மா பெயர் வைக்கும்போது டாக்டரைக் கேட்டிருக்கலாம்.

உன் சர்க்கரைக் கேள்விக்குப் பதில்: ஆஸ்பத்திரித் தண்ணீர் விசேஷம். அடுத்த கேள்வி.

புறாவைப் பற்றி டாக்டரம்மாவிடம் கேட்டேன். எச்சத்திலும் பூஞ்சை வளரும், ஜன்னலுக்குக் கிட்டே வேண்டாம் என்றார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். மாஸ்க் போட்டிருந்ததால் காது மட்டும் தெரிந்தது. இரண்டு காதும் சிவந்துவிட்டன. கேஸ் முடிந்தது என்று நினைக்கிறேன். துப்பறியும் சம்பளத்தில் உனக்குப் பாதி.

பகலவன்


வடக்குப்பட்டு
14.11.2025

பகலு,

நீ கேஸ் முடிந்தது என்று எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே சத்தம் கேட்டது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழட்டாமல் மாடிக்கு ஏறிவிட்டார்.

"இன்னா மைக்கேலு, எம் புள்ள அங்க மூச்சு வுட முடியாம கெடக்கறான், நீ இங்க புறா வுட்டுக்கினு கீற?"

மைக்கேல்ராஜ் அண்ணன் கை நிறைய சோளத்தோடு நின்றார். "அண்ணாச்சி, பகலுக்கு ஆகாதுன்னா ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருக்கலாம்லா? நான் என்ன வேத்தாளா?"

"வேத்தாளு இல்லாம? இந்த மாசத்தோட வூட்டைக் காலி பண்ணிடு."

அண்ணன் கையிலிருந்த சோளத்தைக் கீழே போடாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். உனக்கு மூச்சு திணறிய அன்று, தெருவில் முழங்கால் தண்ணீர், ஆட்டோ உள்ளே வராது என்றதும் உன்னை முதுகில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினவர் அவர். அதைச் சொன்னேன். "நீ சும்மா கெட" என்றார் அப்பா.

சாயங்காலம் அண்ணன் புறாக்களைக் கூடையில் அடைத்துக்கொண்டு போய் சேரப்பணஞ்சேரியில் ஃபிரடி என்ற சிநேகிதரிடம் விட்டுவிட்டு வந்தார். வந்து மாடியைத் தானே கழுவினார். அம்மா டீ கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிக்கொள்ளவில்லை.

கண்டுபிடித்துவிட்டோம் என்று அப்பா டாக்டரிடம் சொல்லப் போகிறார். அவர் சரி என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டில். அதே அறை, அதே கட்டில்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு போர்டு பழுதானால், கடைசியாகத் தொட்டவரைத் திட்டிவிட்டு லைனை ஓடவிடுவார்கள். அடுத்த போர்டும் அதே இடத்தில் பழுதாகி வரும். விளையாடாமல் பதில் சொல். புறாதானா?

இசைவாணி


தண்டலம்
17 நவம்பர்

அக்கா,

டாக்டரம்மா இன்று போனில் ஒரு படம் காட்டினார். என் நெஞ்சிலிருந்து எடுத்ததை ஒரு சின்னத் தட்டில் வளர்த்திருக்கிறார்கள். சாம்பலும் பச்சையுமாக வெல்வெட் துணி மாதிரி இருக்கிறது. எதைப் போட்டு வளர்த்தீர்கள் என்று கேட்டேன். உருளைக்கிழங்கு வேகவைத்த சாறாம். ஈரமும் கொஞ்சம் மாச்சத்தும் இருந்தால் போதுமாம். ஓதமெடுத்த சுவர், நனைந்த அட்டை, இதிலெல்லாம் பரவுகிற ஜாதி என்றார். அப்பா புறாவைச் சொன்னார். "அதுவும் வேண்டாம்தான். ஆனா அது மட்டும்தான்னு எனக்குத் தோணலை" என்றார் டாக்டரம்மா. அப்பா கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு பொது அறிவுக் கேள்வி. சும்மாதான். சோள மாவுத் தண்ணீர் சுவரில் பட்டால் காய்ந்துவிடும், இல்லையா?

மைக்கேல்ராஜ் அண்ணன் நிஜமாகவே காலி செய்கிறாரா? அப்பா கோபத்தில் சொன்னதுதானே?

என் அறையை யாரும் எதுவும் செய்ய வேண்டாம். கட்டிலை நகர்த்த வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பகலவன்


வடக்குப்பட்டு
18.11.2025

பகலு,

உன் கடிதத்தில் ஒரு ஜோக்கூட இல்லை. பின்பக்கம் திருப்பியும் பார்த்தேன்.

நீ சும்மாதான் என்று சொன்ன எதுவும் சும்மா இருந்ததில்லை. அன்றைக்கும் "சும்மா உன் போனைக் குடு" என்றுதான் ஆரம்பித்தாய். என்ன மறைக்கிறாய்? அம்மாவிடம் இன்றே பதில் கொடுத்து அனுப்பு. இல்லையென்றால் நாளைக்குக் கட்டிலை நகர்த்துவேன்.

இசை


வடக்குப்பட்டு
19.11.2025

பகலவா,

பதில் வரவில்லை. பேனாவில் மை இல்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். கட்டிலை நகர்த்தினேன்.

உன் தலைமாட்டு மூலையில், நான் அடித்த டேப் ஓர் இடத்தில் மட்டும் மாறியிருந்தது. ஒரு டம்ளர் வாய் நுழைகிற அளவுக்கு ஷீட்டைப் பிரித்து, மேலே பிளாஸ்திரியால் ஒட்டியிருக்கிறாய். சுத்தமான வேலை. எங்கள் லைனில் உன்னைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அதைப் பிடித்து இழுத்தேன். வாடை முதலில் வந்தது. பிறகு பார்த்தேன். சுவரில் வெள்ளை வெள்ளையாக மாவு வழிந்து காய்ந்து, மறுபடி அதன் மேலேயே வழிந்திருந்தது. அதிலிருந்து மேலே கூரை வரைக்கும் சாம்பலும் பச்சையும் கறுப்பும். நீ எழுதினாயே, வெல்வெட் என்று. அதுதான். இந்தப் பக்கம் நான் விரலால் தடவித் தடவிப் பார்த்த அதே ஷீட்டின் அந்தப் பக்கம்.

எனக்கு இருமல் வந்துவிட்டது. சத்தம் கேட்டு மைக்கேல்ராஜ் அண்ணன் வந்தார். "தங்கச்சி, நீ வெளிய போ" என்று சொல்லிவிட்டு, மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு மிச்ச ஷீட்டை அவரே கிழித்து மூட்டையாகக் கட்டினார். வெளியே வந்தவர் விரலில் ஒட்டியிருந்த வெள்ளையைத் தேய்த்துப் பார்த்தார். புறாவுக்குத் தீனி போடுகிற கை. "சோளம்லா இது?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "பய குடிக்கவே இல்லியோ?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஷீட் நான் ஒட்டியது. மழையில் ஊறுகிற சுவரை மூச்சுவிடாமல் மூடியது நான். பூஞ்சைக்கு நான் வீடு கட்டிக் கொடுத்தேன், நீ அதற்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாய்.

ஆனால் உருளைக்கிழங்குப் படத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? தெரிந்தும் கட்டிலை நகர்த்தாதே என்று எழுதினாய். புறாவைத் துரத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டி வந்து, அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே படுக்க வைத்திருப்போம். இன்னொரு தடவை இழுத்தால் தாங்காது என்று நீதானே எழுதினாய்? மாட்டிக்கொள்வதைவிட அது மேல் என்று நினைத்தாயா?

அப்பாவிடம் சுவரை மட்டும் காட்டினேன். "ஓதம்தான். ஆனா புறாவும் ஒரு காரணம்" என்கிறார். காலி பண்ணச் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. மாவைப் பற்றி நான் சொல்லவில்லை. மைக்கேல்ராஜ் அண்ணனும் சொல்லமாட்டாராம், "சின்னப் பய, விடு" என்கிறார். அதை நீதான் சொல்ல வேண்டும்.

இசைவாணி


தண்டலம்
21 நவம்பர்

அக்கா,

மை இருந்தது. மூஞ்சிதான் இல்லை.

அந்த மாவு என்ன ருசி என்று உனக்குத் தெரியாது. சுண்ணாம்பு அடிக்கக் கலக்கி வைத்ததைக் குடிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் கொட்டியது ருசிக்காக இல்லை. பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் பசங்க எல்லாம் சுபாஷ் வீட்டு மாடியில் ஒன்றாகப் படுத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. "உனக்கு அலாரம் அடிக்கும், எல்லாரும் முழிச்சுக்குவோம்" என்றான் சுபாஷ். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, நிஜமாகச் சொன்னான். அதற்கப்புறம்தான், படுக்கும்போதே டம்ளரைக் காலி செய்துவிட்டால் அலாரமே வேண்டாமே என்று தோன்றியது. விடியும்போது கை நடுங்கும். குளுக்கோஸ் தூளை வாயில் போட்டுக்கொள்வேன். நடுவில் இருக்கிற தூக்கம் மட்டும் முழுசாக என்னுடையது.

படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நீ எழுதியது சரி. மாட்டிக்கொள்வதைத்தான் பெரிசாக நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நினைத்தபோது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அறையில் ஜன்னலே இல்லாத மாதிரி நீ மூடிவிட்டாய் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அப்பாவிடம் நேற்று சொன்னேன். நீல கவுன், தொப்பி, மாஸ்க். கண் மட்டும்தான் தெரிந்தது. அப்பாவின் கண் அவ்வளவு சின்னதா? நான் கவனித்ததே இல்லை.

"இன்னாத்துக்குடா?" என்றார்.

தூக்கத்துக்கு என்றேன்.

சொட்டு சொட்டாக இறங்குகிற மருந்தைப் பார்த்தார். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்த நோவு. உன்ன இன்னான்னு திட்றது?" என்றார். அடித்திருக்கலாம், அக்கா. அப்புறம் எழுந்தார். "மைக்கேலு இப்ப வூட்லதான் இருப்பான்" என்று எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியவில்லை, போய்விட்டார்.

டாக்டரம்மாவிடமும் சொன்னேன். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். "அப்பாடா, இனிமே எனக்குத் தூக்கம் வரும்" என்றார். ஆளாளுக்குத் தூக்கம்தான் பிரச்சினை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீடு இல்லை. சுவரைச் செங்கல் வரை சுரண்டிக் காய வைத்த பிறகுதான் பேச்சு.

இந்தப் பக்கத்தின் கீழே வெள்ளையாக ஒரு வட்டம் தெரிகிறதா? மாவு டம்ளரின் அடி. குடித்துவிட்டு வைத்தேன். ரசீது.

தம்பி


வடக்குப்பட்டு
25.11.2025

அன்புள்ள பகலு,

கவனி, அன்புள்ள போட்டிருக்கிறேன்.

அப்பா அன்று வந்து மைக்கேல்ராஜ் அண்ணன் வாசலில் நின்றார். உள்ளேயும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. அண்ணன் வெளியே வந்ததும், "அந்த ஏணி கீதா? சுவரு சுரண்டணும்" என்றார். அண்ணன் ஏணியைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் நேற்று வரைக்கும் சுரண்டினார்கள். இடையில் அப்பா, "மாசக் கடைசிக்கு அப்புறமும் ஏணி வேணும்பா" என்றார். அண்ணன், "எங்க போவப் போகுது, இங்கதானே கெடக்கும்" என்றார். அவ்வளவுதான்.

சேரப்பணஞ்சேரியில் விட்ட புறாவில் ஒன்று அன்றைக்கே, அண்ணன் திரும்புவதற்கு முன்னாலேயே இங்கே வந்து உட்கார்ந்துகொண்டிருந்ததாம். மற்றதைக் கூட்டி வர வேண்டாம் என்று அண்ணனே சொல்லிவிட்டார். "பய வந்து நல்லா மூச்சு விடட்டும், அது வரைக்கும் ஃபிரடிகிட்ட இருக்கட்டும்" என்கிறார். வந்த ஒன்றை மட்டும் திரும்ப விட மனசில்லாமல் பின்பக்கம் கட்டடத்துக்கு அந்தண்டை கூண்டு வைத்திருக்கிறார்.

இப்போது உன் அறையில் ஷீட் இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறது. லாரித் தூசி வருகிறது, நீ வருவதற்குள் அதற்கு வலை அடித்துவிடுவேன். அது கண்ணுக்குத் தெரிகிறது, துடைக்கலாம்.

உன் வட்டத்தைப் பார்த்தேன். நம்பவில்லை. குடித்த டம்ளருக்கும் கொட்டிய டம்ளருக்கும் அடி ஒரே மாதிரிதான் இருக்கும்.

சளி போய்விட்டது. சனிக்கிழமை வருகிறேன். உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். லிடியா சிஸ்டரிடம் சொல்லி வைத்துவிட்டேன், மாவை அப்போதுதான் கலக்குவார். என் கண் முன்னால் குடி. கடைசிச் சொட்டு வரை. நாக்கை நீட்டிக் காட்டு.

அது வரைக்கும் என் முகத்தை மட்டும் பார். குடித்து முடித்த பிறகு என் காலைப் பார். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம் போட்டுக்கொண்டு வருவேன். முன்னாலேயே பார்த்துச் சிரித்துப் புரையேறிக் கொட்டினால், அதையும் நம்பமாட்டேன்.

உன்,
வசைவாணி